பாட்டனார் விட்டுச் சென்ற மோட்டார் வண்டி

சேலம் மாநகரின் பழைய வணிகப் பகுதிகளுள் ஒன்று செவ்வாய்ப்பேட்டை. மண்டிகளும் கடைகளும் நிறைந்த அப்பகுதியில் வெள்ளிக் கொலுசுத் தொழிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. தேய்ந்து போன பழைய கொலுசு ஒன்றை அங்குள்ள கடைக்குக் கொண்டு சென்றால், முதலில் அதனைத் தராசில் இடுவார்கள். எடை எவ்வளவு, வெள்ளியின் தரம் எவ்வளவு என்பவையே அங்கு எழும் கேள்விகள். அதனை அணிந்து நடந்தவர் பாட்டியாரா, பாட்டியாரின் தாயாரா என்று தராசு கேட்பதில்லை. உருக்கிய வெள்ளி மீண்டும் கம்பியாகும், கம்பி வளையமாகும், வளையங்கள் இணைந்து புதிய கொலுசாகும். வெள்ளி அழிவதில்லை, ஆதலால் அத்தொழிலுக்கு அம்முறை பொருத்தமானதே.

ஆனால், வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய மோட்டார் வண்டியையும் அதே தராசில் ஏற்றலாமா? பழைய இரும்பு வாங்குவோர் அதனையும் எடை போட்டே விலை கூறுவர். சிறு கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 800 கிலோ. அந்த 800 கிலோவும் உலைக்குப் போனால் இரும்பு கிடைக்கும். கார் மட்டும் மீண்டும் கிடைக்காது. அதனைச் செய்த தொழிற்சாலை இன்று இல்லை. அதற்கு உதிரி உறுப்புகள் வார்த்த அச்சுகளும் இல்லை. ஆகவே எடைக்குப் போடுவதற்கு முன், நம் கையில் இருப்பது என்ன, அதில் எதனைக் காக்க வேண்டும், எதனை மாற்ற வேண்டும் என்று அறிந்து கொள்வது நம் கடமையாகும். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு மோட்டார் வண்டி குடும்பச் சொத்தாக மாறியது எவ்வாறு என்பதை முதலில் காண்போம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் வண்டியின் உறுப்புகளைக் கப்பலில் கொண்டு வந்து, இங்கே பூட்டி விற்று வந்தன. 1953-ல் சுங்கவரிக் குழு, இந்நாட்டிலேயே படிப்படியாக உறுப்புகளைச் செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கே இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பூட்டும் வேலையை மட்டும் செய்து வந்த அந்நிய நிறுவனங்கள் விலகிக் கொண்டன. பின்னர்ப் பல ஆண்டுகள் வரை நம் சாலைகளில் முதன்மை பெற்று விளங்கியவை மூன்று வகைக் கார்கள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்று. பம்பாயில் செய்யப்பட்ட பியட் மற்றொன்று. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த வண்டி மூன்றாவது.

செய்யப்பட்ட வண்டிகள் குறைவு, வேண்டுவோர் மிகுதி. முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் பலர். அங்ஙனம் காத்துப் பெற்ற பொருளை எவரும் எளிதில் கைவிடுவதில்லை. பாட்டனார் வாங்கிய வண்டியைத் தந்தையார் ஓட்டினார். தந்தையார் ஓட்டிய வண்டியில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். திருமணத்துக்கும், திருவிழாவுக்கும், மருத்துவமனைக்கும், ஏர்க்காட்டு மலைக்கும் சென்று வந்தது அதே வண்டிதான். குடும்பத்தின் வரலாற்றில் பாதி அதன் இருக்கைகளில் அமர்ந்திருக்கிறது என்றால் அது மிகையாகாது.

அம்மூன்றனுள் நம் மாநிலத்திலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் மூலவடிவம் இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் தோற்றத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டுத் துரின் நகரத்துக் கலைஞர் ஜியோவானி மிக்கலாட்டி. அக்காலத்தில் கார்கள் பெரும்பாலும் அடிச்சட்டமும் உடற்கூடும் ஒன்றாகவே இணைந்த ஒரே கூடாகச் செய்யப்பட்டு வந்தன. ஆனால் அந்த இங்கிலாந்து நிறுவனத்துக்குக் கூடு செய்து கொடுத்து வந்த தொழிற்சாலை, போட்டி நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்று விட்டது. ஆகவே வேறு வழியின்றி, சேஸ் எனப்படும் அடிச்சட்டத்தைத் தனியாகச் செய்து, அதன்மேல் உடலைப் பல துண்டுகளாகப் போல்ட்டுகளால் பூட்டும் பழைய முறைக்கே அவர்கள் திரும்பினர்.

நெருக்கடியில் பிறந்த அந்த முறையே நமக்கு நன்மையாக முடிந்தது. பெரிய அச்சு யந்திரங்கள் இல்லாத நாட்டில், துண்டு துண்டாகச் செய்து பூட்டுவது எளிதன்றோ! 1961 முதல் 1971 வரை ஹெரால்டு வண்டிகள் சென்னையில் செய்யப்பட்டன. இங்கிலாந்து ஹெரால்டுக்குக் கதவுகள் இரண்டே. பிற்கால இந்திய ஹெரால்டுக்கோ நான்கு கதவுகள் அமைக்கப்பட்டன. முன்புறத்துப் பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினை மூன்று பக்கமும் நின்று பார்க்கலாம். முன்சக்கரங்கள் வெகுவாகத் திரும்புவதால் ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பேட்டைகளின் குறுகிய தெருக்களில் இதன் அருமை விளங்கும். அந்நிறுவனம் 1988-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொரு ஹெரால்டும், நம் நாடு கார் செய்யக் கற்றுக் கொண்ட காலத்தின் ஒரு பாடப் புத்தகம் ஆகும்.

இனி, பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற இத்தகைய வண்டிக்கு நேர்வது என்ன என்பதைப் பார்ப்போம். முதற்பகை துரு. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறைகளில் இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து தாதுவாகக் கிடக்கிறது. அந்தத் தாதுவை உலையில் கரியோடு இட்டு, பிராணவாயுவைப் பிரித்தே பழங்காலக் கொல்லர்கள் இரும்பைப் பெற்றனர். பிரிந்த இரும்பு தன் பழைய நிலையை மறப்பதில்லை. ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் மீண்டும் பிராணவாயுவோடு சேர்கிறது. அதனையே நாம் துரு என்கிறோம்.

வெள்ளியும் கறுக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா என்று மாணவர்கள் கேட்கலாம். ஒன்றன்று. காற்றில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின் மேல் மெல்லிய கறுப்புப் படலம் உண்டாகிறது. அது மேற்பரப்பில் ஒட்டி நிற்கும். தேய்த்தால் அடியில் வெள்ளி மின்னும். இரும்பின் துருவோ பருத்து, வெடித்து, உதிர்ந்து போவது. அது உதிர்ந்தவுடன் புதிய இரும்பு காற்றுக்கு முகம் காட்டுகிறது, அதுவும் துருவாகிறது. இவ்வாறு தகடு முழுவதும் தின்னப்படும் வரை அவ்வேலை ஓய்வதில்லை. ஆகவே கறுத்த கொலுசுக்கு மெருகு போதும். துருப்பிடித்த தகட்டுக்கு மெருகு போதாது. மேலே பட்டி வைத்து மூடிச் சாயம் அடித்தால், உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்து கொண்டேயிருக்கும். துருப்பட்ட பகுதியை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள புதிய தகட்டைப் பற்றவைப்பதே முறையான டிங்கர் வேலையாகும்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அது செலவில்லாதது, ஆயினும் பலரும் அதனைச் செய்வதில்லை. வண்டியை உள்ளபடியே பதிவு செய்தல் வேண்டும். அடிச்சட்டத்தின் எண், எஞ்சினின் எண், பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுத்துக் கொள்ள வேண்டும். கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுத வேண்டும். டிக்கியின் விரிப்புக்கு அடியிலும், கருவிப் பலகைக்குப் பின்புறத்திலும் முதன்முதல் அடித்த சாயம் வெயில் படாமல் இருக்கக் கூடும். பின்னாளில் எத்தனை நிறங்கள் மேலே ஏறியிருந்தாலும், வண்டியின் உண்மை நிறத்துக்கு அதுவே சாட்சி.

ஆர்வம் மிகுந்தவர் செய்யும் முதல் வேலை சாவியைத் திருகி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. அதனைச் செய்யலாகாது. பல ஆண்டுகள் நின்ற எஞ்சினில் சிலிண்டரின் சுவரிலிருந்த எண்ணெய் வடிந்து போயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவில் ஒட்டியிருக்கும். வலிந்து சுழற்றினால் ரிங்குகள் முறியும். சுவரில் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தொட்டியிலுள்ள பழைய பெட்ரோல் பிசின் போலாகியிருக்கும். அதனை வடித்துத் தொட்டியையும் குழாய்களையும் கார்புரேட்டரையும் தூய்மை செய்ய வேண்டும். மின்கலம் இணைக்கும்போதும் கவனம் வேண்டும். பழைய இங்கிலாந்து முறை வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கப்படி எதிர்முனையை இணைத்து விட்டால் மின் கருவிகள் பழுதுபடும்.

எதனை மாற்றுவது, எதனைக் காப்பது என்ற கேள்விக்கு இப்போது வருவோம். வண்டியின் உறுப்புகளை மூன்று வகையாகப் பிரித்துக் கொண்டால் விடை தெளிவாகும்.

முதல் வகை, உயிரைக் காப்பவை. பிரேக், ஸ்டியரிங் இணைப்புகள், டயர், மின்கம்பிகள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் பழைமைக்கு மரியாதை காட்டுதல் தகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கும். ரப்பர் மூடிகளும் கெட்டுப் போகும். டயர் ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். தோற்றத்தில் புதிது போல் இருக்கும் டயரும் ஓட்டத்தில் வெடிக்கக் கூடும். உறையுதிர்ந்த பழைய மின்கம்பி ஒன்று முழு வண்டியையும் எரிக்கப் போதுமானது. இவற்றைத் தயக்கமின்றிப் புதியனவாக்க வேண்டும்.

இரண்டாம் வகை, ஓட்டத்துக்கு வேண்டியவை. எஞ்சின், கியர்ப்பெட்டி, பட்டை வில்கள் ஆகியன இவ்வகை. இவற்றைச் செப்பனிட வேண்டும், வேறொன்றால் மாற்றலாகாது. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து, சற்றுப் பெரிய பிஸ்டன் இடலாம். ஆனால் காலத்தின் மாற்றத்தையும் கருத வேண்டும். முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது வால்வுகளின் இருக்கைகளைத் தேயாமல் காத்தது. உடல்நலத்துக்குத் தீங்கென்று 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் அது நிறுத்தப்பட்டது. நல்ல முடிவே; ஆனால் பழைய எஞ்சினின் மெல்லிய வார்ப்பிரும்பு இருக்கைகள் அதன் துணையின்றி விரைவில் தேயும். கடினமான எஃகு வளையங்களை லேத் பட்டறையில் கடைந்து பதித்தால் அக்குறை நீங்கும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இட்டுவிட்டால் போதும். எஞ்சினையே மாற்ற வேண்டுவதில்லை.

இவ்வேலைகளுக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை என்பது நம் பகுதியின் நற்பேறு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. லாரிகளுக்குக் கூடு கட்டிப் பழகிய கைகள், தகட்டை வளைத்துத் தட்டி உருவாக்கும் கலையை அறிந்த கைகள். பட்டை வில்லுக்குப் பதம் ஏற்றுவோரும், தேய்ந்த தண்டைக் கடைந்து தருவோரும் இச்சமவெளியில் உள்ளனர்.

மூன்றாம் வகை, நினைவைச் சுமப்பவை. பாட்டனார் கைபட்டு மழுங்கிய ஸ்டியரிங் வளையம், கருவிப் பலகை, அவர் கை வைத்துத் தேய்ந்த கதவின் ஓரம், கண்ணாடியில் ஒட்டிய பழைய வரிச்சீட்டு ஆகியவை இவ்வகை. இவற்றை இயன்றவரை அப்படியே விட வேண்டும். தூய்மை செய்யலாம்; மேலும் கெடாமல் காக்கலாம்; புதிதாக்கலாகாது. முலாம் உதிர்ந்த பம்பரைப் பற்றி மட்டும் சிறிது ஆராய வேண்டும். அதன் பளபளப்பு குரோமியத்தால் ஆனது. நல்ல வேலையில், அதற்கடியில் நிக்கலும், நிக்கலுக்கடியில் செம்பும் இருக்கும். வெள்ளிப் பொருள்களுக்குத் தங்க முலாம் பூசும் அதே மின்சார முறைதான் இங்கும் கையாளப்படுகிறது. முலாம் எங்கும் உதிர்ந்து துரு ஏறியிருந்தால் மீண்டும் பூசலாம். ஓரிரு புள்ளிகளே இருந்தால் மெழுகிட்டு விட்டுவிடுவதே நன்று.

இந்த வகைப்பாடு வெறும் மனப்பற்றினால் கூறுவதன்று. உலகப் பழம் வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, துரின் சாசனம் என்னும் நெறிமுறையை ஏற்றுள்ளது. பழைய வண்டியில் செய்யும் மாற்றம் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். செய்த மாற்றங்களைக் குறித்து வைக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். பழைய கோயில்களையும் ஓவியங்களையும் பேணுவதற்கு அறிஞர் வகுத்த நெறியும் இதுவே.

நம் நாட்டுச் சட்டமும் இதே வழியில் நிற்கிறது. தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கொரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளைப் பழம்பெரு வண்டிகளாகப் பதிவு செய்து கொள்ளலாம். புதிதாகப் பதிவோருக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு கூடிய எண் கிடைக்கும். முன்னரே பதிவாகியிருந்தால் பழைய எண்ணையே வைத்துக் கொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ அதனை ஓட்டலாகாது; கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம்.

அவ்விதியில் ஒரு நிபந்தனை உண்டு. வண்டி தன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும்; அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கலாகாது. வேகம் வேண்டுமென்று ஹெரால்டில் புதிய டீசல் எஞ்சினைப் பொருத்தியவர், குளிர்சாதனத்துக்காக உடலை வெட்டியவர் ஆகியோர் இச்சலுகையைப் பெறுதல் அரிது. அளவுக்கு மீறிய ஆர்வமும் துருவைப் போன்றதே. இரண்டும் வண்டியை அழிக்கின்றன. துரு மெல்ல அழிக்கிறது. ஆர்வம் ஒரே மாதத்தில் அழிக்கிறது.

செலவு மிகுமே என்று சிலர் அஞ்சக் கூடும். அந்த அச்சம் நியாயமானதே. முழு வண்டியையும் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டு, பணம் தீர்ந்ததும் துண்டுகளாகவே விட்டுவிடுவது பல வீடுகளில் காணும் துன்பம். அங்ஙனம் கிடக்கும் வண்டிதான் கடைசியில் எடைக்குப் போகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு பகுதி என்று வரையறுத்துக் கொள்ள வேண்டும். முதலாண்டில் துரு பரவாமல் தடுத்து, மழை படாத இடத்தில் நிறுத்தினாலே போதும். அடுத்த ஆண்டில் பிரேக்; அதற்கடுத்து எஞ்சின்; சாயம் கடைசியில். நம்மவர் பலர் சாயத்தில் தொடங்குவதால்தான் பணமும் போகிறது, வண்டியும் நகர்வதில்லை. பாகப் பிரிவினை நேரும் குடும்பங்களில், வண்டி யார் பொறுப்பில் இருக்கும், செலவை யார் ஏற்பர் என்பதை எழுதி வைத்துக் கொள்வதும் அறிவுடைமை. நால்வருக்கும் பொதுவான வண்டியை ஒருவரும் கழுவுவதில்லை.

பேணப்பட்ட வண்டிகளை நேரில் காண விரும்பும் மாணவர்கள் கோயமுத்தூருக்குச் செல்லலாம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னர்ப் பல யந்திரங்களைத் தாமே ஆராய்ந்து உருவாக்கியவர் ஜி. டி. நாயுடு. அவர் மரபைப் போற்றி அங்கே அமைந்துள்ள கார் அருங்காட்சியகத்தில், மோட்டார் வண்டியின் வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம். புத்தகத்தில் நூறு பக்கங்கள் படிப்பதைக் காட்டிலும், திறந்து வைத்த ஓர் எஞ்சினின் முன் அரைமணி நேரம் நிற்பது மிகுதியாகக் கற்பிக்கும்.

இறுதியாக ஒன்று. வண்டியைக் காட்டிலும் விரைவில் மறைந்து வருவது அதனைப் பற்றிய அறிவு. இன்றைய கார்களில் பெட்ரோலின் அளவைக் கணிப்பொறி வகுக்கிறது. கார்புரேட்டரின் திருகைச் சற்றே திருப்பி, எஞ்சினின் ஒலியைக் காதால் கேட்டே கலவையைச் சரி செய்யத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்று முதுமை அடைந்து வருகின்றனர். அவர்களுடைய அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. பழைய இரும்பை வைத்து வண்டியை என்றாவது ஒருநாள் செப்பனிடலாம்; அந்தக் காதும் கையும் மறைந்துவிட்டால் செப்பனிடுவார் யார்?

மாணவர்கள் இதற்குப் பெருந்தொண்டு செய்ய முடியும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய வண்டி ஒன்று இருந்தால், ஒரு குறிப்பேடு வாங்குங்கள். எந்த ஆண்டில் வாங்கியது, எந்தப் பட்டறையில் எந்த வேலை நடந்தது, எந்தச் சாலையில் எப்போது நின்று போயிற்று என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். மெக்கானிக் ஐயா வேலை செய்யும்போது அருகில் நின்று, “ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று பணிவோடு கேளுங்கள், அவர் கூறும் காரணத்தையும் அதில் எழுதுங்கள். கழற்றிய உறுப்பு எது, மாற்றிய உறுப்பு எது, நாள் என்ன என்பதையும் குறியுங்கள். நாளை அந்த வண்டி உங்கள் கைக்கு வரும்போது, சாவியோடு அந்தக் குறிப்பேடும் சேர்ந்து வரட்டும். அதன் முதல் பக்கத்தை எழுதப் பெரிய பொருளும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம். கேட்பதற்கு ஒரு பெரியவரும், எழுதுவதற்கு ஒரு மாலை நேரமும் போதும்.